வாங்கிக்குப் பின்னால ஒரே சங்கிலி எண்டா ஏன் ஒரு கலம் பிரியுது, மற்றது வால் விடுது?

மாங்குளத்துப்பிள்ளை | வெள்ளி இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த முறை ஏ.எல். பயோ எடுக்கிறன். ரெண்டு கேள்வி இருக்கு, ஒண்டு படிப்புக்கு, மற்றது வீட்டுக்கு.

ரியூசன்ல வளர்ச்சிக் காரணி படிப்பிக்கேக்க போட்டில ஒரு சங்கிலி கீறினவை. கலத்துக்குச் சேதி கொண்டாற காரணி வந்து, அதைப் பிடிக்கவெண்டு கலத்தின்ர மேல இருக்கிற வாங்கி எண்ட புரதத்தில பிடிக்கும், வாங்கி உள்ளுக்க இருக்கிற ராஸ் எண்ட புரதத்தை எழுப்பும், ராஸ் ராபை எழுப்பும், ராப் மெக்கை, மெக் ஈஆர்கேயை, அது கருவுக்குள்ள போய் பரம்பரையலகுகளைத் திறக்கும், கலம் பிரியும். சரியெண்டு எழுதிக்கொண்டு வாறன், அடுத்த பக்கத்தில நரம்பு வளர்ச்சிக் காரணிக்கும் அதே சங்கிலிதானாம், ஆனா அங்க கலம் பிரியிறதை விட்டுட்டு நீளமா வால் விடத் தொடங்குமாம். ஒரே சங்கிலி எண்டா எப்பிடி ரெண்டு விடை வரும்? கேட்டதுக்கு அது சோதினைக்கு வராது பிள்ளை எண்டு சொல்லிப்போட்டினம். எனக்கு நித்திரை வரேல்லை.

மற்றது அம்மப்பாவுக்கு. சீனி வருத்தக்காரர், வலது கால் பெருவிரலுக்குக் கீழ புண், நாலு மாசமா ஆறுதில்லை. வெளிநாட்டில இருக்கிற மாமா வளர்ச்சிக் காரணி போட்ட ஜெல் இருக்கு அனுப்பிவிடுறன் எண்டுறார். பூசலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வலதுகரை | இரவு 9.15

பிள்ளை, நான் அறிவியல்நகர்ல விவசாயம் படிச்சிட்டு இப்ப இரணைமடுத் தண்ணியில வயல் செய்யிறன். மனுச உடம்பைப் பற்றி எனக்குப் பெரிசாத் தெரியாது, எண்டாலும் ஒரு சந்தேகம். வளர்ச்சிக் காரணி எண்டா உரம் மாதிரியோ? கனக்கப் போட்டா கனக்க வளருமோ? அப்பிடியெண்டா ஏன் அந்த ஜெல்லை எல்லாரும் பூசேல்லை?

பனங்கூடல் | இரவு 10.40

வேலை முடிஞ்சு இப்பதான் பாத்தன். பிறந்தது புதுக்குடியிருப்பு, இப்ப வெளியில ஒரு ஆய்வுகூடத்தில கலம் வளக்கிற வேலை, நாள் முழுக்க உந்த ஈஆர்கேயைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன், அதால இந்தக் கேள்விக்கு நீளமாத்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அண்ணை, உரம் எண்டு நினைச்சா முதல் படியே பிழைச்சுப் போகும். உரத்தைப் பயிர் உறிஞ்சித் தன்ர உடம்பாக்குது. வளர்ச்சிக் காரணி அப்பிடி இல்லை, அது ஆள் அனுப்பிச் சொல்லிவிடுற சொல்லு. சொல்லைச் சொல்லிப்போட்டு அதின்ர வேலை முடிஞ்சுது, மிச்சம் முழுக்க கேட்ட கலத்தின்ர பாடு. பேரிலயே வளர்ச்சி எண்டு கிடக்கிறதுதான் எல்லாரையும் குழப்புது. ரீஜீஎவ் பீற்றா எண்ட ஒண்டு இருக்கு, அதுவும் வளர்ச்சிக் காரணிதான், ஆனா தோல் மாதிரியான மேலணிக் கலங்களுக்கு அது சொல்லுறது பிரியாதை, நில் எண்டு.

இப்ப வாசலுக்கு வருவம். ஈஜீஎவ் எண்ட மேற்தோல் வளர்ச்சிக் காரணியை எடுங்கோ. 53 அமினோ அமிலம் மட்டும்தான், சின்னன். கலத்துக்கு வெளியில மென்சவ்வு கொழுப்பு, அதுக்குள்ளால புரதம் புகாது. அதுக்காகத்தான் வாங்கி. ஈஜீஎவ் வாங்கி 1186 அமினோ அமிலம் நீளம், பாதி வெளியில, நடுவில ஒரேயொருக்கா மென்சவ்வைத் துளைச்சுப் போகுது, மிச்சம் உள்ளுக்க. உள்பக்கத்தில கைனேசு, அதாவது பொசுபேற்று ஏத்திற நொதியம், அதுக்குக் கீழ தொங்கிற வால். அந்த வால்ல தைரோசின் எண்ட அமினோ அமிலம் கனக்க இருக்கு.

இதில பெரிய வில்லங்கம் என்னெண்டா, மென்சவ்வைத் துளைச்சுப் போற அந்தத் துண்டு ஒரு ஒற்றைச் சுருள். வெளியில ஒண்டு வந்து ஒட்டினா, அந்த ஒற்றைக் கம்பிக்குள்ளால உள்ளுக்க எப்பிடிச் சேதி போகும்? விடை, ஒரு வாங்கியால ஏலாது, ரெண்டு வேணும். காரணி இல்லாத நேரம் வாங்கி தன்ர கையைத் தானே மடிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. ஈஜீஎவ் வந்து ஒட்டினா மடிப்பு விரிஞ்சு கை வெளியில நீளும், அப்பிடி கை நீட்டின ரெண்டு வாங்கி ஒண்டையொண்டு பிடிக்கும். 2002இல வாங்கியைப் பளிங்காக்கி எடுத்த கட்டமைப்புப் படம் வரேக்கதான் இது தெரிய வந்தது. அதுக்கு முதல் கனபேர் நினைச்சது ஈஜீஎவ் நடுவில நிண்டு ரெண்டையும் பாலம் மாதிரி இணைக்குது எண்டு. பாத்தா ஈஜீஎவ் ரெண்டு வெளிப்பக்கத்திலயும் ஒவ்வொண்டு, நடுவில வாங்கியும் வாங்கியும் தான் முட்டிக்கொண்டு நிக்குது.

உள்ளுக்க நடக்கிறது இன்னும் வடிவு. ரெண்டு கைனேசும் பக்கத்தில வந்தவுடன ஒண்டு மற்றதின்ர முதுகில சாஞ்சு தள்ளுது, தள்ளுப்பட்டதுதான் வேலை தொடங்குது. வால்ல இருக்கிற தைரோசின்களில பொசுபேற்றை ஏத்துது. பொசுபேற்று ஏறின தைரோசின் எண்டா கொழுக்கி மாதிரி, அதுக்கெண்டே பள்ளம் வைச்ச புரதங்கள் உள்ளுக்க சுத்தித் திரியுது, கிறப்2 எண்டது வந்து கொழுவுது, அது சொஸ் எண்ட இன்னொண்டைக் கையோட கூட்டி வருது, சொஸ் பக்கத்தில மென்சவ்வில ஒட்டிக்கொண்டு கிடக்கிற ராஸைப் பிடிச்சு அதை நித்திரையில வைச்சிருக்கிற பழைய ஜீடீபீ எண்ட மூலக்கூறைக் கழட்டிவிட, அதை எழுப்பிற புது ஜீரீபீ ஏறுது. அதுக்குப் பிறகுதான் உங்கட போட்டில கீறின சங்கிலி.

உங்கட கேள்விக்கு இன்னும் வரேல்லை எண்டு தெரியும். நாளைக்கு.

மாங்குளத்துப்பிள்ளை | இரவு 11.05

அண்ணா, எங்கட நோட்டில ஈஜீஎவ் நடுவில நிக்கிற படம்தான் இருக்கு. அப்ப பாலம் எண்டது முழுக்கப் பிழையோ?

பனங்கூடல் | இரவு 11.20

பாலம் எண்ட எண்ணம் பிழையில்லை தங்கச்சி, ஆனா ஈஜீஎவுக்குப் பொருந்தாது. குருதிச் சிறுதட்டில இருந்து வாற பீடீஜீஎவ் பிறக்கேக்கயே இரட்டை, அது உண்மையிலயே நடுவில நிண்டு ரெண்டு வாங்கியை இழுத்துச் சேக்குது. எவ்ஜீஎவ் எண்ட இன்னொரு வளர்ச்சிக் காரணிக்கு, காரணியும் வாங்கியும் மட்டும் காணாது, கலத்துக்கு வெளியில இருக்கிற கெப்பரான் சல்பேற்று எண்ட சீனிச் சங்கிலியும் சேந்து பிடிச்சாத்தான் இறுகும். இன்சுலின் வாங்கி எப்பவோ சோடி சேந்து பூட்டுப்பட்டு நிக்குது, அங்க சேக்கிற வேலையே இல்லை, வளைச்சு நெளிச்சு உள்பக்கத்தைக் கிட்டக் கொண்டாறதுதான் வேலை. ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதமாத்தான் கதவைத் திறக்குது.

வார்ட்மிஸ் | சனி காலை 6.30

நைற் டியூட்டி முடிஞ்சு பஸ்சில இருந்து எழுதிறன். சோடி சேக்கிற கதை வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது எங்கட டயலிசிஸ் ஆக்கள். வவுனியாப் பக்கத்தில சிறுநீரக வருத்தம் எவ்வளவு எண்டு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், வயல் செய்த மனுசர்தான் கனபேர். அவைக்கு கிழமைக்கு கிழமை ஈபீஓ ஊசி போடுறம். எரித்ரோபொயெற்றின். சிறுநீரகம்தான் அதைச் சுரக்கிறது, ஒட்சிசன் குறைஞ்சா அதை உணந்து எலும்பு மச்சைக்குச் சொல்லி விடும், செங்குழியத்தைச் செய் எண்டு. சிறுநீரகம் பழுதாப் போனா சொல்லிவிட ஆளில்லை, அதாலதான் இரத்தம் குறைஞ்சு மனுசர் வெளிறிப் போகினம்.

ஆனா ஊசியை மட்டும் போட்டா காணாது. உடம்பில இரும்புச்சத்து இல்லையெண்டா ஈபீஓ எவ்வளவு சொன்னாலும் மச்சையால செய்ய ஏலாது. ஒரு ஐயா என்னட்ட கேட்டவர், ஏன் பிள்ளை ரெண்டு ஊசியாப் போட்டா கெதியா ஏறாதோ எண்டு. கூடினா இரத்தம் தடிச்சு பிரசரும் இரத்தக்கட்டியும் பக்கவாதமும் வரும் ஐயா எண்டு சொன்னன். வலதுகரை அண்ணையின்ர கேள்வியும் அதேதானே.

பனங்கூடல் | சனி மதியம் 1.10

மிஸ் சொன்ன ஈபீஓ அருமையான உதாரணம். அதின்ர வாங்கிக்குச் சொந்தமாக் கைனேசு இல்லை, ஜக்2 எண்ட நொதியத்தைக் காலடியில கட்டி வைச்சிருக்கு. ஒரு ஈபீஓவுக்கு ரெண்டு பக்கம், ஒரு பக்கம் நல்லாப் பிடிக்கும், மற்றப் பக்கம் லேசாத்தான் பிடிக்கும். முதல் வாங்கியை நல்ல பக்கத்தால பிடிச்சிட்டு மற்றப் பக்கத்தால ரெண்டாவதை இழுக்கும். வளர்ச்சி ஓமோனும் இதே மாதிரித்தான், 1992இல அதின்ர கட்டமைப்பு வந்தது, ஒரு ஓமோன், ரெண்டு வாங்கி.

அண்ணை, உங்கட கேள்விக்கு இதிலதான் ஒரு பதில் இருக்கு. ஆய்வுகூடத்தில வளர்ச்சி ஓமோனை அளவுக்கு மிஞ்சி ஊத்தினா என்ன நடக்கும்? ஒவ்வொரு வாங்கியிலயும் தனித்தனி ஓமோன் போய்க் குந்தியிரும். எல்லா வாங்கிக்கும் ஆள் கிடைச்சிட்டுது, சோடி சேர வெறும் வாங்கி மிஞ்சாது. சமிக்ஞை ஏறி ஏறி வந்து பிறகு இறங்கும். கூடப் போட்டதால குறைஞ்சது. எனக்கு இதை முதன்முதல் படிக்கேக்க மேசையில தட்டிப்போட்டன், அவ்வளவு பிடிச்சது.

பழைய_வாத்தி | சனி மாலை 5.00

பிள்ளையள் கதைக்கிறதை வாசிக்கச் சந்தோசமா இருக்கு. முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சனான். இந்தக் கதையை ஆர் தொடக்கினது எண்டதையும் பிள்ளை தெரிஞ்சு வைச்சிருக்க வேணும் எண்டு நினைக்கிறன்.

ரீற்றா லெவி-மொந்தால்சினி, 1909இல இத்தாலியில ரூரின் நகரத்தில பிறந்த யூதப் பெண், மருத்துவம் படிச்சவ. 1938இல இனச்சட்டம் வந்து யூதர் பல்கலைக்கழகத்தில வேலை செய்யக்கூடாதெண்டு வெளியில விட்டிட்டாங்கள். அவ தன்ர படுக்கை அறையையே ஆய்வுகூடமாக்கினா. தையல் ஊசியைத் தீட்டி சத்திரக் கத்தியாக்கி, கோழி முட்டைக்குள்ள இருக்கிற முளையத்தின்ர நரம்பை வெட்டிப் பாத்தா. ரூரின்ல குண்டு விழத் தொடங்க குடும்பத்தோட நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்து போய், அங்கயும் ஒரு மேசையைப் போட்டு விட்ட இடத்தில இருந்து தொடங்கினா. பிறகு புளோரன்ஸ்ல ஒளிச்சிருந்தா. சண்டை முடிய அகதி முகாமில டொக்டரா நிண்டா.

எங்கட ஊர்ப் பிள்ளையள் பங்கருக்குள்ள குப்பி விளக்கில படிச்சுச் சோதினை எழுதினதை நான் என்ர கண்ணால கண்டவன், முகாம் கூடாரத்துக்குள்ள மண்ணில குந்தியிருந்து படிச்சதையும் கண்டவன். அதாலதான் இந்த மனுசியின்ர கதையை ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லுவன்.

1947இல அமெரிக்காவில சென்ற் லூயிசுக்குப் போனா. எலியின்ர ஒரு கட்டியைக் கோழி முளையத்தில வைச்சா நரம்புகள் அதை நோக்கி அடர்த்தியா வளருது. கட்டியில இருந்து ஏதோ ஒண்டு கசிஞ்சு வந்துதான் நரம்பைக் கூப்பிடுது எண்டு அவ பிடிச்சுக்கொண்டா. 1953இல ஸ்ரான்லி கோகன் எண்ட இரசாயனக்காரர் வந்து சேந்தார். கட்டியில இருந்து எடுத்த சாறு புரதமோ நியூக்கிளிக் அமிலமோ எண்டு பாக்க, நியூக்கிளிக் அமிலத்தை உடைக்கிற நொதியம் இருக்கெண்டு பாம்பு விசத்தைக் கொஞ்சம் விட்டார். நரம்பு குறையிறதுக்குப் பதிலா இன்னும் கூட வளந்தது. விசத்துக்குள்ளயே அந்தக் காரணி கட்டியில இருக்கிறதை விடக் கனக்க இருந்தது. பாம்புக்கு விசம் சுரக்கிறது உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரியான சுரப்பியில தானே எண்டு யோசிச்சு ஆண் எலியின்ர உமிழ்நீர்ச் சுரப்பியைப் பாத்தார், அங்கயும் நிறைய. அந்தச் சாறைப் பிறந்த எலிக்குஞ்சுக்கு ஏத்தினா ரெண்டு கிழமைக்குக் கிட்ட திறக்கிற கண் ஒரு கிழமையில திறக்குது, பல்லும் முந்தி வருது. நரம்புக் காரணி அதைச் செய்ய ஏலாது, இன்னொண்டு இருக்கெண்டு தேடினதுதான் ஈஜீஎவ். 1986இல ரெண்டு பேருக்கும் நோபல். அந்த மனுசி 103 வயது வரைக்கும் இருந்தா.

ஒட்டுசுட்டான்காரன் | சனி இரவு 7.45

வாத்தியார், பாம்பு விசத்திலயோ? எங்கட பக்கம் வெட்டுக் காலத்தில புடையன் கடிக்காத வருசமில்லை. அதிலயும் இது இருக்கோ?

பனங்கூடல் | சனி இரவு 8.10

இருக்கு. கண்ணாடிப் புடையன்ர விசத்தில வீஈஜீஎவ் மாதிரியே ஒரு புரதமும் இருக்கு. வீஈஜீஎவ் எங்கட உடம்பில இரத்தக்குழாயை வளரச் சொல்லுற காரணி. அதுக்கு ரெண்டு முக்கிய வாங்கி. முதலாவது வாங்கி அதை இறுக்கிப் பிடிக்கும், ஆனா உள்ளுக்க பெரிசாச் சொல்லாது, பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் அதின்ர வேலை. ரெண்டாவதுதான் வேலை செய்யிற வாங்கி. பாம்பின்ர புரதம் முதலாவதைத் தட்டாமல் நேர ரெண்டாவதுக்குப் போகுது, குழாய்ச் சுவர் கசியத் தொடங்கும், மிச்ச விசம் பரவ வழி வெட்டின மாதிரி. எங்கட பூட்டைப் பாம்பு படிச்சு வைச்சிருக்கு எண்டுதான் சொல்ல வேணும்.

இதை வாசிச்சிட்டு விசம் மருந்தெண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாது. கடிச்சா நேர ஆசுப்பத்திரி.

வலதுகரை | சனி இரவு 8.30

பிள்ளையின்ர முதல் கேள்வி இன்னும் தொங்கிக்கொண்டு நிக்குது தம்பி.

பனங்கூடல் | சனி இரவு 9.50

ஓம் அண்ணை, வாறன்.

எலியின்ர அதிரீனற் சுரப்பிக் கட்டியில இருந்து எடுத்த பீசீ12 எண்ட கலம் இருக்கு, 1976இல இருந்து உலகம் முழுக்க வளக்கினம், நானும் வளத்தனான். அதுக்கு ஈஜீஎவ் போட்டா பிரியும். நரம்புக் காரணி என்ஜீஎவ் போட்டா பிரியிறதை நிப்பாட்டிப்போட்டு நரம்பு மாதிரி வால் விடும். ரெண்டுக்கும் உள்ளுக்க அதே ராஸ், அதே ராப், அதே மெக், அதே ஈஆர்கே. பிள்ளை நித்திரை கொள்ளாமல் யோசிச்சது எத்தினையோ விஞ்ஞானிமாரும் யோசிச்ச கேள்வி.

வித்தியாசம் நேரத்தில. ஈஜீஎவ் போட்டா ஈஆர்கே சட்டெண்டு ஏறும், ஒரு மணித்தியாலத்துக்குள்ள இறங்கிப்போடும். என்ஜீஎவ் போட்டா ஏறினது மணித்தியாலக் கணக்கா இறங்காது. கலம் பாக்கிறது சங்கிலியில எந்தப் புரதம் எண்டு இல்லை, எவ்வளவு நேரம் எண்டு.

சரி, கலத்திட்ட மணிக்கூடு இல்லையே, எப்பிடி நேரம் பாக்கும்? ஈஆர்கே ஏறினவுடன பொஸ் எண்ட புரதத்தைச் செய்யச் சொல்லிக் கருவுக்கு ஓடர் போகும். அது செய்து முடியக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொஸ் வந்து சேரேக்க ஈஆர்கே இறங்கிப் போயிருந்தா பொஸ் கெதியா உடைஞ்சு போகும். ஈஆர்கே இன்னும் நிண்டுதெண்டா அது பொஸில பொசுபேற்றை ஏத்தி நிலைக்க வைக்கும், நிலைச்ச பொஸ் அடுத்த வரிசைப் பரம்பரையலகுகளைத் திறக்கும். இதை எப்பிடிச் சொன்னா விளங்கும் எண்டு நானும் யோசிக்கிறன்.

வலதுகரை | சனி இரவு 10.05

இதில யோசிக்க என்ன இருக்கு தம்பி, இது எங்கட சிறுபோகம். குளத்தின்ர துருசை, அதுதான் மதகை, திறந்து முதல் தண்ணி விட்டா விதைக்கிறம், முளைக்குது. அந்த முளை வந்து நிக்கேக்க வாய்க்கால்ல ரெண்டாந் தண்ணி வந்தா நிலைக்கும், துருசைப் பூட்டிப்போட்டாங்கள் எண்டா கருகிப்போகும். அதே துருசு, அதே வாய்க்கால், அதே தண்ணி. எவ்வளவு நாள் திறந்திருந்தது எண்டதிலதான் ஒரு வருசம் நெல்லு, ஒரு வருசம் வெறும் தரை.

பனங்கூடல் | சனி இரவு 10.10

அண்ணை, இதை நான் நாளைக்கே எங்கட கூடத்தில சொல்லப்போறன். இதை விட வடிவா நான் ஒரு புத்தகத்திலயும் வாசிக்கேல்லை.

அப்ப துருசை ஆர் பூட்டுறது எண்டதும் சொல்ல வேணும். ஈஜீஎவ் வாங்கி வேலை தொடங்கின கையோட சீபிள் எண்ட புரதம் வந்து அதுக்கு யுபிகுவிற்றின் எண்ட அடையாளத்தை ஒட்டிப்போடும். மென்சவ்வு உள்வாங்கி, வாங்கியையும் காரணியையும் சேத்து விழுங்கி, கனக்கத்தை இலைசோசோம் எண்ட, கலத்துக்குள்ள வேண்டாததை உடைக்கிற பைக்கு அனுப்பி உடைச்சுப்போடும். முதல் நாள் காரணி உணவில்லை எண்டு சொன்னனான், கடைசியில உடைபடுறது உண்மைதான், ஆனா அது சாப்பாட்டுக்காக இல்லை, சத்தத்தை நிப்பாட்ட. என்ஜீஎவ்வின்ர வாங்கி ரிறக்-ஏ விழுங்குப்பட்ட பிறகும் அந்தச் சின்னப் பைக்குள்ள இருந்துகொண்டே பேசிக்கொண்டிருக்கும். யோசிச்சுப் பாருங்கோ, கால் பெருவிரல்ல இருக்கிற நரம்பு நுனியின்ர உடல் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில, கிட்டத்தட்ட ஒரு மீற்றர் தூரம். விரல்ல கேட்ட சொல்லை அந்தப் பைதான் நரம்புக்குள்ளால தூக்கிக்கொண்டு மேல போகுது.

இது சும்மா கதை இல்லை எண்டதுக்கு ஒரு சோதனை. பீசீ12 கலத்தில ஈஜீஎவ் வாங்கியை அளவுக்கு மேல பெருக்கி வைச்சுப் பாத்தினம். விழுங்கி முடிக்க ஏலாமல் ஈஆர்கே நெடுக ஏறி நிண்டுது. அந்தக் கலம் ஈஜீஎவுக்கே வால் விட்டது.

மாங்குளத்துப்பிள்ளை | சனி இரவு 10.40

விளங்கிட்டுது அண்ணா. உண்மையா விளங்கிட்டுது. அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன், துருசுக் கதை கேட்டிட்டு அம்மா தலையாட்டினவ.

நெடுங்கேணியாள் | ஞாயிறு காலை 9.00

எங்கட சின்னம்மாவுக்கு மார்புப் புற்று, மகரகமைப் புற்றுநோய் ஆசுப்பத்திரியில ஹெர்2 பொசிற்றிவ் எண்டு எழுதித் தந்தவை. அதுவும் இதோ?

பனங்கூடல் | ஞாயிறு காலை 11.30

ஓம் அக்கா, ஈஜீஎவ் வாங்கியின்ர கூடப்பிறந்தது. நாலு பேர் அந்தக் குடும்பத்தில. ஹெர்2க்கு எண்டு ஒரு காரணியும் கண்டுபிடிக்கப்படேல்லை, அது எப்பவும் கையை நீட்டிக்கொண்டே நிக்கிறது, ஆர் வந்தாலும் சோடி சேரும். ஹெர்3க்குக் கைனேசு வேலை செய்யிறது சரியான குறைவு, ஹெர்2க்குக் காரணி இல்லை, ஆனா ரெண்டும் சேந்தா அந்தக் குடும்பத்திலயே பலமான சோடி. சில கட்டியளில ஹெர்2 பரம்பரையலகு பல மடங்கு பெருகி மென்சவ்வு முழுக்க அதுவாயே நிக்கும், ஒருத்தரும் தட்டாமலே கதவு திறக்கும். 1998இல அமெரிக்காவில அனுமதிச்ச ரஸ்ருசுமாப் எண்ட பிறபொருளெதிரி ஹெர்2வின்ர வெளிப்பக்கத்தைப் பிடிக்கிறது. சின்னம்மாவுக்கு எது பொருத்தம் எண்டதை அவவின்ர டொக்டர்தான் சொல்ல வேணும், ஆனா பொசிற்றிவ் எண்டா குறி பாத்து அடிக்க ஒரு இடம் இருக்கு எண்டும் அர்த்தம். சின்னம்மாவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்காரன் | ஞாயிறு பின்னேரம் 4.20

கேக்கலாமோ தெரியேல்லை. எனக்கு 2009இல சண்டையில எறிகணை பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. பொய்க்கால் போட்டு வேலை செய்யிறன், பிரச்சினையில்லை. ஆனா வெட்டின இடத்தில ஒரு புள்ளியைத் தொட்டா கரண்ட் அடிச்ச மாதிரி. நரம்பு முடிச்செண்டு சொன்னவை. இந்த நரம்புக் காரணி ஊசியாப் போட்டா நரம்பு சரியா வளந்து இந்த நோ போகுமோ?

பனங்கூடல் | ஞாயிறு இரவு 8.00

கேக்க வேணும் அண்ணை. இதைத்தான் கேக்க வேணும்.

வெட்டுப்பட்ட நரம்பு செத்துப் போறதில்லை. திரும்ப வளரப் பாக்கும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கில. நரம்பைச் சுத்திப் போர்த்தியிருக்கிற சுவான் கலங்கள் என்ஜீஎவ் மாதிரியான காரணியளை விட்டு வா வா எண்டு கூப்பிடுது. ஆனா போய்ச் சேர வேண்டிய தசையும் தோலும் அங்க இல்லை. போக இடமில்லாமல் சுருண்டு சுருண்டு முடிச்சாகுது. உங்கட உடம்பு பிழை விடேல்லை, போன காலைத் தேடிக்கொண்டிருக்கு.

ஊசி போட்டா? நோ கூடும். என்ஜீஎவ் வளந்த ஆக்களில நோவைக் கடத்திற நரம்பைத்தான் கூர்மையாக்குது. ரிறக்-ஏ வாங்கி பிறப்பிலயே பழுதான பிள்ளையள் இருக்கினம், அவைக்கு நோ தெரியாது, வேர்க்கவும் மாட்டுது. நல்லதெண்டு நினைப்பியள், அந்தப் பிள்ளையள் கை சுட்டாலும் தெரியாமல் வைச்சிருக்கும். அதைப் பாத்துத்தான் என்ஜீஎவைப் பிடிச்சு அடக்கிற பிறபொருளெதிரி ஒண்டை மூட்டு நோவுக்குச் செய்தவை, நோவும் குறைஞ்சது, ஆனா சில ஆக்களுக்கு மூட்டு கெதியா அழிஞ்சது. 2021இல அமெரிக்க ஆலோசனைக் குழு அதுக்கு எதிரா வாக்களிச்சது.

சத்திரசிகிச்சைக்காரர் இப்ப சில இடங்களில செய்யிறது வேற வழி. முடிச்சை வெட்டி அந்த நரம்பு நுனியைப் பக்கத்தில ஒரு சின்னத் தசை நரம்போட பொருத்தி விடுகினம். நரம்புக்கு ஒரு வீடு குடுக்கிறது. கிளினிக்குக்குப் போகேக்க இதைப் பற்றிக் கேளுங்கோ அண்ணை, பதினைஞ்சு வருசத்துக்கு மேல பொறுத்தது காணும்.

ஒட்டுசுட்டான்காரன் | ஞாயிறு இரவு 8.35

தேடிக்கொண்டிருக்கு எண்ட சொல்லை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் போனை வைச்சிட்டு இருந்தன். நன்றி தம்பி. கேக்கிறன்.

வார்ட்மிஸ் | ஞாயிறு இரவு 9.30

அம்மப்பான்ர புண்ணைப் பற்றி நான் சொல்லுறன் பிள்ளை, தினமும் கட்டுற ஆள்.

மாமா சொல்லுறது பொய்யில்லை. பீடீஜீஎவ் போட்ட ஜெல் 1997இல அமெரிக்காவில சீனிப் புண்ணுக்கு அனுமதிச்சது, கியூபாவில 2006இல ஈஜீஎவை ஊசியாப் புண்ணின்ர விளிம்பிலயும் அடியிலயும் ஏத்திற மருந்து வந்தது. ஏன் பூசாமல் ஊசியா ஏத்தினவை தெரியுமோ? ஆறாத புண்ணில ஊறுற நீருக்குள்ள புரதத்தை வெட்டிற நொதியங்கள் குவிஞ்சு கிடக்கு. மேல பூசின காரணி வாங்கியைப் போய்ச் சேர முதலே துண்டாயிரும்.

அதோட இந்தத் தம்பி சொன்னதையே புண்ணில வைச்சுப் பாருங்கோ. சொல்லு போய்ச் சேந்தாலும் கேக்க உயிருள்ள கலம் வேணும். புண்ணில கறுத்துக் கிடக்கிற செத்த சதைக்கு வாங்கி இருந்து என்ன. இரத்தம் ஓடாத காலில ஒட்சிசன் இல்லை. கிருமி இருந்தா எல்லாம் அதோட சண்டை. எல்லாத்தையும் விட, அம்மப்பா ஒவ்வொரு அடி வைக்கேக்கயும் அந்தப் பெருவிரல் அடியில முழுப் பாரமும் விழுது, நோ தெரியாததால நடந்துகொண்டே இருப்பார், ராவில ஆறினது பகல்ல கிழியும். ஜெல்லை அனுப்பினாலும் பூச வேண்டாம், முதல்ல புண்ணைப் பாக்க வேணும், அந்த இடத்தில புற்று இருக்கக்கூடாது, எலும்புக்குள்ள போயிருந்தா வேற மருந்து. கால்ல நாடி பிடிச்சுப் பாக்க வேணும், செத்ததை வெட்டி எடுக்க வேணும், சீனி அளவு பாக்க வேணும், பாரம் இறக்கிற செருப்பு வேணும். வீட்டில வெறுங்காலோட விடாதேங்கோ, சுடுதண்ணியில கால் வைக்க விடாதேங்கோ. நாலு மாசம் எண்டது கூடிப்போச்சு. இந்தக் கிழமையே கொண்டாங்கோ.

மாங்குளத்துப்பிள்ளை | ஞாயிறு இரவு 10.00

அம்மப்பா வயலுக்குள்ள வெறுங்காலோடதான் போறவர் மிஸ். சொன்னாக் கேக்கமாட்டார். இண்டைக்கு துருசுக் கதையைச் சொல்லி, பூட்டின வாய்க்காலுக்கு மேல உரம் எறிஞ்சு என்ன செய்யிறது எண்டு கேட்டன். பேசாமல் இருந்தவர். பிறகு அப்ப எப்ப கிளினிக் எண்டு கேட்டார். செவ்வாய்க்கிழமையாம். பஸ்சில ஏத்தி இறக்கத்தான் கஸ்ரம்.

வலதுகரை | ஞாயிறு இரவு 10.10

செவ்வாய் விடிய நான் நெல்லு ஏத்தின காசு எடுக்க மாங்குளம் வாறன், திரும்பி கிளிநொச்சிக்குத்தான். பிக்கப்பில முன் சீற் சும்மாதான் கிடக்கு, கால் நீட்டி இருக்கலாம். ஏழு மணிக்குச் சந்தியில நிக்கிறன், வரேக்க பழைய கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாங்கோ.